சிரித்தவருக்குப் படுக்கை இல்லை

மனித குலம் நெருப்பைக் கண்டறிந்தபோது ஓரடி முன்னேறியது. சக்கரத்தைக் கண்டறிந்தபோது மற்றோர் அடி முன்னேறியது. 'இறுதிக்காலப் பராமரிப்பு நிர்வாக எளிமைப்படுத்தல் சட்டம்' நிறைவேறியபோதோ, கடைத்தேறியே விட்டது.

பழைய காட்டுமிராண்டி முறையில், இறுதிக்காலக் காப்பகத்து நோயாளி இன்னும் இறக்கும் நிலையில்தான் இருக்கிறாரா என்று அறிய ஒரு மருத்துவர் நேரில் வருவார், நாடி பிடிப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். எத்துணை வீண் சுமை! இனி, ஓர் அதிகாரி கைப்பேசித் திரையில் நோயாளியின் முகத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

இப்பேற்றை எங்கள் ஊர்க் காப்பகத்தில் முதலில் பெற்றவன் என் தம்பி. கல்லீரலில் புற்று. ஒரு படுக்கையும் வலியடக்கும் ஊசியுமே அவனுக்கு எஞ்சியிருந்த உலகம்.

அதிகாரி பார்க்கப்போகிறார் என்றதும் தம்பி மனைவி அவனுக்கு முகம் மழித்து, சலவைச் சட்டை மாட்டி, முதுகுக்குத் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்காரவைத்தாள்.

"பெரிய மனுஷங்க பாக்குறாங்க. உம்முன்னு இருக்காதீங்க."

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்வளவு லட்சணமா இல்லடி" என்று தம்பி சிரித்தான். அந்நொடியில், செவிலியர் நீட்டிய கைப்பேசித் திரையில் அதிகாரி தோன்றினார்.

"அடடா, முகத்துல என்ன களை! உக்காந்திருக்காரு, சிரிக்கிறாரு. 'முன்னேற்றம்'!"

"சார், தலகாணிய எடுத்தா சரிஞ்சிடுவாரு. டாக்டர வந்து தொட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று பதறினார் செவிலியர்.

"தொடுற வேலையத்தான் சட்டம் எடுத்துடுச்சேம்மா. இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கீங்களே!"

"ஐயா, அவன் சாகக் கிடக்கிறான்" என்றேன் நான்.

"நல்ல வார்த்தை சொல்லுங்க பெரியவரே. தம்பி பொழச்சதுல உங்களுக்கு என்ன வருத்தம்?"

பொத்தான் அழுத்தப்பட்டது. மாலைக்குள் படுக்கை பறிபோனது, ஊசியும் நின்றது. 'முன்னேறியவர்'களுக்கு வலிப்பதைச் சட்டம் ஏற்பதில்லை.

வண்டியில் ஏற்றும்போது தம்பி என் விரல்களைப் பற்றிக்கொண்டான். "அண்ணே, இன்னொரு தடவ பாக்கச் சொல்லுண்ணே. இந்தத் தடவ சிரிக்கமாட்டேன்."

அவன் வீட்டில், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி அலறி அலறி இறந்தான். செய்தியைச் சொன்னேன். அதிகாரி அன்போடு தேற்றினார்: "மனசத் தேத்திக்குங்க. எங்களப் பொறுத்தவரைக்கும் அவர் குணமாகிப் போனவருதான்."

சட்டத்தைக் குறைகூற நான் யார்? அது நிர்வாகத்தை மெய்யாகவே எளிமைப்படுத்தியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு மனிதனை இப்படி வதைத்துக் கொல்ல ஓர் அலுவலகமே கூடி உழைக்க வேண்டியிருந்தது. இன்றோ, ஒரு விரல் போதும்.