தையல் ரூம் மட்டும் ஏன் சிவப்பு?

செவ்வாய்க்கிழமை காலையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு, வரைபடக்காரர் ஒரு சபதம் எடுத்தார். இந்த வீட்டு வைஃபையை இந்த வாரத்துக்குள் தன் பிடிக்குள் கொண்டுவராவிட்டால் தான் ஆண்பிள்ளையே இல்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். நுரை கண்ணாடியில் தெறித்தது. துடைத்துவிட்டு இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

அவருக்கு ஆத்திரம் வந்ததில் நியாயம் இருந்தது. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. வரைபடப் பிரிவின் தலைமைப் பதவிக்கு சனிக்கிழமை பதினொரு மணிக்கு நேர்காணல், அதுவும் வீடியோவில். அதே சனிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை அடுத்த அறையில் அவர் மனைவி டீச்சரம்மா ஆன்லைனில் தையல் வகுப்பு எடுப்பார். நாற்பத்தாறு மாணவிகள். நாற்பத்தாறு பேரும் ஒரே சமயத்தில் கழுத்து வளைவைக் கேமராவில் தூக்கிக் காட்டினால், இந்தப் பக்கம் வரைபடக்காரரின் முகம் கல்லாகிவிடும்.

'வகுப்பைத் தள்ளி வெச்சுக்கயேன்' என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு நேர்காணல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். இதே பதவிக்கு இதற்கு முன் மூன்று முறை போய் மூன்று முறையும் தோற்றிருந்தார். தோற்று வந்த ஒவ்வொரு தடவையும் டீச்சரம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆறுதல் சொன்னார். தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்தார். அண்ணன், அக்கா, சித்தி எல்லாருக்கும் போன் போட்டு, "அவர்கிட்ட அதப் பத்தி எதுவும் கேட்டுடாதீங்க" என்று சொல்லி வைத்தார். அதற்கப்புறம் ஒரு மாதம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவரிடம் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். நாலாவது தடவையும் அதைத் தாங்க அவர் உடம்பில் தெம்பு இல்லை. ஜெயித்தால் சொல்லலாம். தோற்றால் சத்தமில்லாமல் புதைத்துவிடலாம்.

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளை வைஃபைப் பெட்டி புதிதுதான். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதோடு வந்த கையேட்டை மாடிப்படியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். பாதிக்கு மேல் புரியாததால், பக்கத்து வீட்டு ரேடியோ மெக்கானிக்கிடம் போனார். ரேடியோவை யாரும் ரிப்பேருக்குக் கொண்டுவராத காலத்தில், மெக்கானிக் ஆலோசனை சொல்வதையே தொழிலாக வைத்திருந்தார்.

"எந்த சேனல்ல ஓடுது உங்க பெட்டி?"

"சேனலா? அது டிவிக்குத்தானே?"

"சரியாப் போச்சு. இந்தத் தெருவுல இருக்கிற அத்தன பெட்டியும் ஆறாம் சேனல்ல நின்னு ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க ஒதுங்கி வேற சேனலுக்குப் போங்க."

"போனா ஸ்பீடு வருமா?"

"எனக்கு வரும். நீங்க ஒதுங்கினா வழி விடுமில்ல?"

"எனக்கு என்ன வரும்னு கேட்டேன்."

"உங்களுக்கும் கொஞ்சம் வரும். முழுசா வேணும்னா வீட்டுக்குள்ள யார் இழுக்கறாங்களோ அவங்கள மட்டுப்படுத்தணும். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் இவ்வளவுதான் ஸ்பீடுன்னு அளவு போடலாம். எந்த நாள், எத்தன மணியிலேருந்து எத்தன மணி வரைக்கும்னு நேரம்கூடக் குறிக்கலாம்."

வரைபடக்காரர் கண்கள் அகல விரிந்தன. "யாருக்கும் தெரியாமலா?"

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

"அப்ப ஒருத்தருக்குத் தெரியாமத்தான்," என்றார் மெக்கானிக்.

வரைபடக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அன்று மதியமே அளவு நாடா, ஸ்டூல், போன் சகிதம் வீடு முழுக்க நடந்து, எந்த மூலையில் சிக்னல் எவ்வளவு என்று அடிக்கு அடி குறித்தார். பிறகு வீட்டின் வரைபடத்தைச் சுத்தமாகப் போட்டு, சிக்னல் நன்றாக வர வேண்டிய இடத்துக்குப் பச்சையும், வரக்கூடாத இடத்துக்குச் சிவப்பும் தீட்டினார். மூலையில் தேதியும் கையெழுத்தும் போட்டார். கள்ளத்தனத்துக்குக் கையெழுத்து போடுகிற ஆள் உலகத்தில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். மை காயட்டும் என்று மேஜையில் விட்டுவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வந்தால் டீச்சரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது நம்ம வீடுதானே?"

"ஆமா. சும்மா. பெயின்ட் அடிக்கலாம்னு ஒரு யோசன."

"உங்க ரூமு பச்சையா?"

"ஆமா, குளிர்ச்சியா இருக்கும்."

"தையல் ரூம் மட்டும் ஏன் சிவப்பு?"

"அது... சுவத்துல ஈரம் இருக்கில்ல? அதுக்குக் குறி."

"ஈரமா? எங்க?"

"உள்ள. உள்ளுக்குள்ள இருக்கும். வெளிய தெரியாது."

"அப்ப ஞாயித்துக்கிழமை கொத்தனார வரச் சொல்லிடவா?"

"வேண்டாம் வேண்டாம்! தானாக் காஞ்சிரும்."

"எப்ப காயும்?"

"சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். டீச்சரம்மா வரைபடத்தை மேஜையில் வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். தப்பித்தோம் என்று வரைபடக்காரர் மூச்சு விட்டார்.

அன்று சாயங்காலமே சேனலை மாற்றினார். "இந்த மாற்றம் சற்று நேரத்தில் அமலுக்கு வரும்" என்றது திரை. வந்தது. புதன்கிழமை, பெட்டி வெளியே விடும் சிக்னலின் பலத்தைக் கொஞ்சம் குறைத்தார். சிக்னல் கூடத்தைத் தாண்டி மாடிப்படிவரை போவானேன் என்று பார்த்தார். அதுவும் சற்று நேரத்தில் அமலுக்கு வந்தது. பெட்டி தன் பேச்சைக் கேட்கிறது என்பதே அவருக்கு ஒரு கிறக்கத்தைக் கொடுத்தது. அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

வியாழக்கிழமை முக்கிய வேலை. பெட்டியோடு இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தார். 'வரைபடம்' என்று ஒன்று, 'தையல்' என்று ஒன்று. பெட்டி வந்த அன்றே அந்தப் பெயர்களை வைத்தவர் அவர்தான். பெயர் எழுதி ஒட்டாத பொருள் எதையும் அவர் நம்புவதில்லை. எழுதி ஒட்டிவிட்டால் அப்புறம் திறந்து பார்ப்பதும் இல்லை. அலுவலகத்திலும் அப்படித்தான். 'வரைபடம்' என்பதற்கு முதல் மரியாதை, முழு வேகம். 'தையல்' என்பதற்கு இருப்பதிலேயே குறைந்த வேகம். சனிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. இந்த விதிக்கு ஒரு பெயர் வையுங்கள் என்றது திரை. பெயர் வைக்கச் சொன்னால் அவருக்குக் கை நிற்குமா? 'என் நேர்காணல் - ரகசியம்' என்று டைப் அடித்துப் பதிவு செய்தார்.

சனிக்கிழமை வந்தது. மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக, கதவைச் சாத்திக்கொண்டு பத்தே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டார். அடுத்த அறையில் சத்தமே இல்லை. பாவம், மாணவிகள் ஒருத்தியின் முகமும் தெரியாமல் டீச்சரம்மா தவித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது அவருக்கே மனசு கொஞ்சம் உறுத்தியது. முன்னேற்றம் என்றால் ஒன்றிரண்டு கழுத்து வளைவு கோணத்தான் செய்யும் என்று தேற்றிக்கொண்டார்.

பதினொரு மணிக்குத் திரையில் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். "வணக்கம் சார்" என்றார். அவருடைய 'வணக்கம்' போனது. 'சார்' போகவில்லை.

"ஹலோ? உங்க படம் நின்னுடுச்சே," என்றார் நடுவில் இருந்த இயக்குநர்.

"சார், நான் இங்கதான்..."

"ஒரு கண்ணு மூடியிருக்கு. வாய் தெறந்திருக்கு. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அதற்கு மேல் இயக்குநரின் முகமும் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்தது. திரையின் நடுவில் ஒரு வளையம் சுற்ற ஆரம்பித்தது. வரைபடக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தன் பச்சை அறை முழுக்க ஓடினார். ஜன்னலில் வைத்தார். அலமாரி மேல் வைத்தார். ஸ்டூலில் ஏறித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். வளையம் சுற்றிக்கொண்டேயிருந்தது. பத்தொன்பது வருஷ உழைப்பு, நாலாவது தடவை, கடைசி வாய்ப்பு, எல்லாம் அந்த வளையத்துக்குள் போவதைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவு திறந்தது.

"ஏங்க, ஸ்டூல்ல ஏறி என்ன பண்றீங்க?"

"நெட்டு... ஆபீஸ் மீட்டிங்... நின்னுபோச்சு!"

"என் லேப்டாப் நல்லா ஓடுதே. வாங்க."

எப்படி ஓடும் என்று கேட்க நேரமில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. லுங்கி தடுக்கத் தடுக்கத் தையல் அறைக்கு ஓடி, கூட்ட எண்ணைத் தப்பும் தவறுமாக இரண்டு தடவை அடித்து, மூன்றாவது தடவை உள்ளே போனார். படம் கண்ணாடிபோல் வந்தது. இயக்குநரின் மூக்குமேல் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது.

"மன்னிக்கணும் சார். நெட்டுக்காரங்க லைன்ல ஏதோ கோளாறு."

"பரவாயில்ல. நாலு நிமிஷம்தானே. ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும். உங்க பிரிவுல பதினொரு பேரு. பெரிய படம் அச்சடிக்கிற மிஷின் ஒண்ணே ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல அவசரம். நீங்க தலைவர்னா என்ன பண்ணுவீங்க?"

வரைபடக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்குத்தான் ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தார்.

"முதல்ல எல்லாரையும் கூப்பிட்டுக் கேப்பேன் சார். யாருக்கு எது, எப்ப வேணும்னு வாயத் தெறந்து கேட்டாலே பாதிப் பிரச்சின தீந்துரும். கேக்காம ஒளிச்சு மறைச்சுச் செஞ்சா கூட இருக்கிறவங்க நம்பிக்கை போயிரும். நான் எப்பவும் கேட்டுத்தான் செய்வேன். வீட்டுலகூட அப்படித்தான்."

மூன்று அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் சிரித்தார். "இதுக்கு முன்னால வந்தவங்க எல்லாம் இன்னொரு மிஷின் வாங்கணும்னு சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் கேப்பேன்னு சொன்னீங்க. திங்கக்கிழமையே பொறுப்ப எடுத்துக்கங்க."

திரை அணைந்தது. வரைபடக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினார். டீச்சரம்மா நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு! உன்கிட்ட முன்னாடியே சொல்லணும்னுதான்... திடீர்னு வந்த மீட்டிங்..."

"எனக்குத் தெரியுங்க."

"எது?"

டீச்சரம்மா போனை எடுத்து வாசித்தார். "'என் நேர்காணல் - ரகசியம். இந்தப் புதிய விதியை அனுமதிக்கிறீர்களா?' வியாழக்கிழமை, நாலு பத்துக்கு."

வரைபடக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். "இது எப்படி உன் போனுக்கு..."

"பெட்டி மாட்ட வந்த அன்னிக்கு உங்க போனு சார்ஜ்ல கெடந்துச்சு. என் நம்பரத்தான் குடுத்தீங்க. அதுலேருந்து என்ன மாத்தினாலும் எனக்கு வரும். நான் சரின்னு அமுக்கினாத்தான் நடக்கும். சேனலுக்கு அமுக்கினேன். சிக்னலுக்கு அமுக்கினேன். இந்த ரகசியத்துக்கும் அமுக்கினேன்."

"அப்ப நான் தையலுக்குத்தானே ஸ்பீடக் கொறச்சேன்? எனக்கு ஏன் நின்னுச்சு?"

"புதன்கிழமையே பட்டியல்ல ரெண்டு பேரையும் மாத்தி வெச்சேன். உங்க லேப்டாப்புக்குத் 'தையல்', எனக்கு 'வரைபடம்'. படத்துல என் ரூமு சிவப்பா இருந்துச்சே, என்னதான் பண்றீங்கன்னு பாக்கலாம்னு. நீங்களும் கொஞ்சம் தவிச்சுப் பாருங்கன்னுதான் அந்த விதிக்குச் சரின்னு அமுக்கினேன். நேர்காணல்னு தெரிஞ்சதும் வகுப்ப மத்தியானத்துக்கு மாத்திட்டேன். உங்களுக்காக இந்த லேப்டாப்பத் தெறந்து வெச்சுட்டு, பத்தரையிலேருந்து கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு இருக்கேன்."

வரைபடக்காரர் மிச்சமிருந்த கௌரவத்தையெல்லாம் திரட்டி, தொண்டையைச் செருமினார். "எப்படியோ, பதில் பிரமாதமாச் சொன்னேன் இல்ல? கேட்டுச் செய்யறவருக்குத்தான் பதவின்னு அவங்களுக்கே புரிஞ்சிருச்சு."

"இந்த வாரம் பூரா எங்கிட்டக் கேட்டுக் கேட்டுச் செஞ்சது அந்தப் பெட்டிதாங்க," என்றார் டீச்சரம்மா. "நியாயப்படி பாத்தா அதுக்குத்தான் குடுத்திருக்கணும்."