எல்டன் வீட்டுக் கரண்ட் பாயிண்ட்

கரண்ட் வேலையைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரம்மா வரும் நேரம். எல்டன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டார். காலையில் தன் கையால் முடுக்கிய எர்த் கம்பியின் திருகைத் தன் கையாலேயே தளர்த்திவிட்டார்.

"இது போதும். கண்டிப்பா ஃபெயில்தான்," என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுச் சுவரோரம் புத்தம்புதுப் பெட்டி. அதற்கு எதிரே, கார் நிற்கிற பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு அவர் புதிதாக வாங்கிய வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, கக்கூஸ் என்று சகலமும் உள்ளேயே இருக்கிற, பஸ் அளவு வண்டி. நிற்கும்போது அதற்கு வீட்டிலிருந்து மின்சாரம் கொடுக்கத்தான் இந்தக் கரண்ட் பாயிண்ட்.

எல்டனுக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் ஓஹையோவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆயுசு முழுக்கப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒயரிங் செய்வார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தப்பாகச் செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

எல்லாம் வாய் பண்ணிய வேலை. பக்கத்து வீட்டு ஹார்லன் ஒவ்வொரு நவம்பரிலும் தன் வீட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு, குளிர் தெரியாத அரிசோனாவுக்குப் போய்விடுவார். நாங்கள் இங்கே இடுப்பொடியப் பனி வாரிக்கொண்டிருப்போம். மார்ச்சில் வெயில் கண்ணாடி மாட்டிய முகத்தோடு வந்து இறங்கி, டோனட் கடையில் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து, "என்னய்யா, எல்லாரும் இன்னும் உசிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்பார். வருஷா வருஷம் அதே கேள்வி, அதே சிரிப்பு. போன மார்ச்சில் எல்டனுக்குப் பொறுக்கவில்லை.

"அடுத்த குளிர்காலம் நாங்களும் அரிசோனாதான்!" என்று கடை நடுவே சொல்லிவிட்டார். சொன்ன வாய்க்காக வண்டியும் வாங்க வேண்டியதாயிற்று.

வாங்கி ஓட்டிவந்த அன்றுதான் விஷயம் புரிந்தது. வளைவில் முன்பக்கம் அவர் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போனது. தெருவோரம் இரண்டு தபால் பெட்டிகள் சாய்ந்தன. எல்டன் இறங்கி, அவற்றை நிமிர்த்தி வைத்துவிட்டு, திருடன் மாதிரி ஏறி ஓட்டிவந்துவிட்டார். முன்னால் காரில் போய்க்கொண்டிருந்த மனைவி நடீனுக்குக்கூடத் தெரியாது. அன்று முதல் அந்த வண்டியின் ஸ்டியரிங் பக்கமே அவர் போகவில்லை. இதை ஓட்டிக்கொண்டு பாதி நாட்டைத் தாண்டுவதா?

ஆனால் நடீனிடம் எப்படிச் சொல்வது? அவள் வெயில் தொப்பி வாங்கியாயிற்று. சர்ச்சில் கூடப் பாடுகிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. அவள் ஆசையில் மண் அள்ளிப் போட அவருக்கு மனசு வரவில்லை. போதாக்குறைக்கு ஹார்லன் வேறு. பயந்துவிட்டான் என்று தெரிந்தால் சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டுவான்.

அப்போது உதித்ததுதான் இந்த யோசனை.

"கரண்ட் பாயிண்ட் போடாம கிளம்பக் கூடாது நடீன். பேட்டரி ஏறணும், பிரிட்ஜ் முன்னாடியே குளிரணும்."

"சரி, போடு."

"போட்டா மட்டும் ஆச்சா? இன்ஸ்பெக்டர் வந்து பச்சை ஸ்டிக்கர் ஒட்டணும்."

"பனி விழறதுக்குள்ள ஒட்டலன்னா?"

"என்ன பண்றது? அடுத்த வருஷம்தான்," என்று எல்டன் பெருமூச்சு விட்டார். நடீனும் விட்டாள்.

இன்ஸ்பெக்டர் ரோவீனா சொன்ன நேரத்துக்கு வந்தார். உயரமான பெண்மணி, சிரிப்பைச் செலவு பண்ணாதவர். பெட்டியைத் திறந்து விரலால் ஒரு ஆட்டு ஆட்டினார்.

"எர்த் லூசா இருக்கு."

"அடக் கடவுளே! எப்படிக் கவனிக்காம விட்டேன்?" என்று எல்டன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒயர் போற குழாயையும் இன்னும் ஆழமாப் புதைக்கணும். அப்புறம், மழைத் தண்ணி உள்ள போகாம இருக்க மேல ஒரு மூடி இருக்குமே, அது எங்க?"

இதற்கு எல்டன் நடிக்க வேண்டியிருக்கவில்லை. மூடியை அவர் நிஜமாகவே போட்டிருந்தார்.

"போட்டேனே!"

"போட்டிருந்தா இருக்கணுமே சார்."

சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மூடி எங்கே போயிற்று என்று எல்டன் கொஞ்ச நேரம் தேடினார். வயசாகிவிட்டது, மறதி, என்று விட்டுவிட்டார்.

"ஐயையோ, ஃபெயிலா?" என்றாள் நடீன். அன்று சாயங்காலமே ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரம் சுட்டாள். தன் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு தனக்கு ஆறுதலாகப் பை சுடுகிறாளே என்று எல்டன் நெகிழ்ந்துபோனார். இரண்டு துண்டு தின்றார்.

மறுநாள் டோனட் கடையில் ஹார்லன் ஆரம்பித்துவிட்டார்.

"என்னய்யா எல்டன், வண்டி அங்கேயே வேர் விட்டுடும்போல இருக்கே!"

எல்டனுக்குச் சுருக்கென்றது. "வந்துடுவோம். உன் வண்டிக்குப் பக்கத்துலயே எங்களுக்கும் ஒரு இடம் சொல்லி வை."

ஹார்லனின் கையிலிருந்த காபி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"பக்கத்துலயா? அங்கல்லாம் இடம் கிடைக்காதுப்பா. நீ வேற ஊர்ப் பக்கம் பாரு."

"கிடைக்கலன்னா உன் வண்டிக்குப் பின்னாடி ஒட்டிக்கிறோம்!"

கடையே சிரித்தது. ஹார்லன் மட்டும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்டனின் கணக்கு வேறு. குழாயை ஆழமாகப் புதைக்க ஒரு சின்ன மண்வெட்டி, கூடவே முதுகுவலி என்று ஒரு சாக்கு. இப்படியே பனிக்காலம் வரை இழுத்துவிடலாம். ஆனால் அடுத்த நாள் காலை தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் ஹார்லன், பள்ளம் தோண்டுகிற வாடகை மெஷினோடு நிற்கிறார்.

"பக்கத்து வீட்டுக்காரன் எதுக்கு இருக்கேன்? அரை மணி நேரத்துல முடிச்சுத் தரேன்!"

"வேண்டாம்யா! உனக்கு எதுக்குச் சிரமம்?" என்று எல்டன் செருப்புகூடப் போடாமல் ஓடினார். ஆனது ஆகிவிட்டது. மெஷின் புல்தரையைக் கிழித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் போகிற இடமெல்லாம் எல்டன் நீலக் கொடி நட்டு வைத்திருந்தார். வரிசையாக, பளிச்சென்று. ஹார்லன் ஒரு கொடியைக்கூட விடாமல் அதன் மேலேயே ஏற்றினார்.

தண்ணீர் கூரை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது.

"மன்னிச்சுக்கோ எல்டன், கொடி கண்ணுல படல!" என்று நனைந்த கோழியாய் நின்றார் ஹார்லன்.

எல்டனுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. முற்றம் முழுக்கச் சேறு. காய்ந்து, குழாய் மாற்றி, மறுபடி தோண்டி... நல்லா இருப்பா நீ! நடீன் துண்டோடு ஓடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், ஒரு முழு ஆப்பிள் பையை எடுத்து ஹார்லன் கையில் கொடுத்துவிட்டாள்.

ஆனால் அந்த வருஷம் வானம் சதி செய்தது. அக்டோபர் முழுக்கப் பொட்டு மழை இல்லை. சேறு சட்டென்று காய்ந்தது. ஒயர்க் குழாய் ஆழமாகப் போயிற்று, புது மூடியும் வந்தது. எல்டன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

எங்கள் ஊர் வீடுகளில் ஓடுவது நூற்றிருபது வோல்ட். துணி காயவைக்கிற மெஷினுக்கு மட்டும் இரண்டு மடங்கு. வீட்டு வண்டியின் பிளக்கைப் பார்த்தால் அசப்பில் அந்த மெஷின் பிளக் போலவே இருக்கும். அதை நம்பி இரண்டு மடங்கு வோல்ட்டைக் கொடுத்து, வண்டியைப் பொரித்தெடுத்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். எல்டனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்போல் காட்டிக்கொள்ள முடிவு செய்தார். இணைப்பை மாற்றினார். மெயின் சுவிட்சை ரோவீனா வந்த பிறகுதான் போட்டார்.

ரோவீனா மீட்டரை வைத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"சார், இதுல வண்டியைச் சொருகியிருந்தீங்கன்னா என்ன ஆயிருக்கும் தெரியுமா? பிரிட்ஜ், ஏசி எல்லாம் பொசுங்கியிருக்கும். உள்ள ஆள் இருந்திருந்தா நெருப்புல மாட்டியிருக்கும்!"

எல்டன் தலையைத் திருப்பினார். வண்டியின் சன்னலில் நடீன் தெரிந்தாள். அலமாரித் தட்டுகளில் பூப்போட்ட காகிதம் விரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

எல்டன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ச்சே, என்ன மனுஷன் நான்! பயத்தை மறைக்கப் போய், இவள் உயிரோடு விளையாடியிருக்கிறேனே. ரோவீனா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியபோது அவருக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை. போகும்போது நடீன் ரோவீனாவை வாசலில் நிறுத்தி, ஆப்பிள் பை ஒன்றைக் கொடுத்து, தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். சீக்கிரம் பாஸ் பண்ணச் சொல்லிக் கெஞ்சுகிறாள் பாவம் என்று எல்டன் நினைத்துக்கொண்டார்.

அன்றே தீர்மானித்துவிட்டார். தபால் பெட்டி சாயட்டும், மானம் போகட்டும். இவளை அரிசோனாவுக்குக் கூட்டிக்கொண்டு போவது போவதுதான். பாயிண்ட்டை முழுக்கப் பிரித்து, பள்ளிக்கூடத்துக்குச் செய்வதுபோல் முதலிலிருந்து செய்தார். இதற்கிடையில் ஹார்லன் ஹாரனை அடித்துக்கொண்டு அரிசோனாவுக்குக் கிளம்பிப் போயே விட்டார்.

மூன்றாம் முறை ரோவீனா வருகிற அன்று காலை, நடீன் பெட்டியருகே குனிந்து நிற்பது சமையலறை சன்னல் வழியாகத் தெரிந்தது. என்ன ஆர்வம் இவளுக்கு! அவள் உள்ளே வந்ததும் எல்டன் போய்க் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்தார். ஒரு திருகு லூசாக இருந்தது. விடாமல் முடுக்கினார்.

ரோவீனா பார்த்தார். குனிந்து பார்த்தார். மீட்டர் வைத்தார், மூடியைத் திறந்து மூடினார், பள்ளத்தில் அளவுகோலை விட்டார். நெடுநேரம் கழித்து நிமிர்ந்து, எல்டனை விட்டுவிட்டு நடீனைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. நானும் எவ்வளவோ தேடிப் பார்த்துட்டேன். ஃபெயில் பண்றதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

எல்டனுக்குப் புரியவில்லை. "ஃபெயில் பண்றதுக்கா? யாரு கேட்டது?"

நடீன் தரையைப் பார்த்தாள். பிறகு பின்னல் நூல் வைக்கிற கூடைக்குள் கையை விட்டு, காணாமல்போன மூடியை எடுத்து நீட்டினாள்.

"நான்தான் கழட்டினேன் எல்டன். இன்னிக்குத் திருகையும் நான்தான் தளர்த்தினேன். எனக்கு அரிசோனாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ அவ்வளவு ஆசையா இருந்தே, எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"உனக்கு ஆசை இல்லையா?"

"ஆசையா? நீ பகல்ல வேலைக்குப் போனதாலதான் நம்ம கல்யாணம் இத்தனை வருஷம் ஓடுச்சு! அந்த டப்பாவுக்குள்ள ஒரு குளிர்காலம் பூரா உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு, கக்கூஸ் குழாயைக் காலி பண்ணிக்கிட்டு... அதுவும் நீ ஓட்டுற ஓட்டுக்கு! நாலு தபால் பெட்டியை இடிச்சியே, கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் வந்தேன்."

"நாலா? ரெண்டுதானே!"

"நீ நிமிர்த்தினது ரெண்டு."

எல்டன் வண்டிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்ததுபோல் இருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் கதையையும் சொன்னார். எர்த் திருகு, துணி மெஷின் வோல்ட், எல்லாம். நடீன் முதலில் முதுகில் ஒரு அறை வைத்தாள். அப்புறம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இனிமேல் குளிருக்கு அடக்கமாக வீட்டிலேயே இருக்கலாம். சண்டை வந்தால் யாராவது ஒருவர் வண்டியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கரண்ட்டுதான் இருக்கிறதே!

திடீரென்று எல்டனின் முகம் தொங்கிப்போயிற்று.

"எல்லாம் சரி நடீன். ஹார்லனுக்கு என்ன பதில் சொல்றது? இந்நேரம் அரிசோனா வெயில்ல கால் நீட்டிப் படுத்திருப்பான். மார்ச்சுல வந்து கடை நடுவுல என் மானத்தை வாங்கப் போறான்."

பச்சை ஸ்டிக்கரை நீவி ஒட்டிக்கொண்டிருந்த ரோவீனா அப்படியே திரும்பினார்.

"அரிசோனாவா? அவர் வருஷா வருஷம் குளிர்காலம் பூரா வண்டியோட பக்கத்து ஊர்ல எங்க அக்கா மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடிதானே இருக்கார். அந்தக் கரண்ட் பாயிண்ட்டைப் பாஸ் பண்ணினதே நான்தானே!"