அறுநூறு குதிரைகளும் என் அடக்கமும்

என் பெயர் கல்ஃபான். அல் ஐன் நகரத்துப் பேரீச்ச மரங்களைத் துளைக்கும் சிவப்பு வண்டுகளை ஒழிக்கும் பிரிவுக்குப் போன மாதம் நான் இயக்குநர் ஆனேன். மரத்தில் காதை வைத்துக் கேட்டே வண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த மனைவியின் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் போகுமா? போகாது என்றுதான் நம்பினேன்.

பதவி உயர்வு வந்த அன்றைக்கே ஒரு தீர்மானம் செய்தேன். புது வண்டி. ஜெர்மன்காரன் செய்தது, மணலிலும் ஓடும், மந்திரி வீட்டு வாசலிலும் நிற்கும். அதில் இரண்டு வகை. ஒன்று சாதாரணம், முந்நூற்றைம்பது குதிரைச் சக்தி. மற்றது அறுநூறு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அறுநூறின் முதுகில் மட்டும் ஒரு சின்னச் சிவப்புக் கோடு இருக்கும். ஆனால் அதைக் கிளப்பினால் பக்கத்து வீட்டு ஆடுகள் அசைபோடுவதை நிறுத்திவிடும்.

எனக்கு அந்தச் சிவப்புக் கோடு வேண்டும். காரணம் சுஹைல், என் மனைவியின் தம்பி. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போவோம். சுஹைல் தன் வண்டியில் பெரிய மணல்மேட்டை ஒரே மூச்சில் ஏறி, உச்சியில் நின்று கையாட்டுவான். நான் கீழே நிற்பேன். போன வருடம் அவன் சொன்னது இது:

"மச்சான், நீங்க கீழேயே இருங்க. யாராவது ஒருத்தர் அடுப்பைப் பாத்துக்கணும்ல?"

என் நான்கு பிள்ளைகளும் சிரித்தார்கள். அதில் மூன்று பேர் என் ஜாடை.

அறுநூறுக்கும் எனக்கும் நடுவில் நின்றது ஒரே ஓர் ஆள்தான். ஷம்மா, என் மனைவி. பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை. நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு. சுவருக்கு வெள்ளை அடிக்கலாம் என்றேன், வீடு மஞ்சளாக இருக்கிறது. மூத்தவனுக்கு சைஃப் என்று பெயர் வைக்கலாம் என்றேன், அவன் பெயர் ஹமத். இந்த ஊரில் எல்லாரும் என்னை அபூ ஹமத், அதாவது ஹமதின் அப்பா என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தத் தோல்வியையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள்.

எனவே திட்டம் தானாகவே உருவானது. நான் சாதாரண வண்டியைப் புகழ வேண்டும். அவள் பிடிவாதமாக அறுநூறை வாங்க வைப்பாள். நான் வேறு வழியில்லாமல் சம்மதிப்பேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, கஹ்வா காபி குடிக்கும்போது ஆரம்பித்தேன்.

"ஷம்மா, ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன்."

"வாங்குங்க."

"சாதாரண வண்டிதான். அந்த அறுநூறு குதிரை எல்லாம் நமக்கு எதுக்கு? நாலு பிள்ளைங்களையே கட்டி மேய்க்க முடியல."

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது நீங்க யோசிச்சுச் சொல்றதா?"

"நல்லா யோசிச்சேன். இயக்குநர்னா ஒரு அடக்கம் வேணும். வண்டியும் அடக்கமா இருக்கணும்."

"உங்க ஆசையையும் அதுலயே அடக்கம் பண்ணிடலாம்கறீங்க."

"எனக்கு ஏது ஆசை?"

"அப்ப சரி. நீங்க சொல்றதுதான் சரி."

இருபத்தோரு வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருந்தது.

ஆனால் நான் கலங்கவில்லை. முதல் மருந்திலேயே எந்த வண்டும் வெளியே வருவதில்லை. இரண்டாவது மருந்து அடிக்க வேண்டும். நான்கு நாள் கழித்து வண்டிக் கடைக்குப் போனேன். அங்கே விற்பனையாளன் கசான், லெபனான்காரன். காலில்லாதவனுக்கே செருப்பு விற்கும் வாய்.

"என் மனைவியைக் கூட்டிட்டு வருவேன். நான் சாதாரண வண்டியைப் புகழுவேன். நீ முகத்தைச் சுளிக்கணும்."

"எவ்வளவு சுளிக்கணும், உஸ்தாத்?"

"புளிச்ச மோர் குடிச்ச மாதிரி."

"செஞ்சுடலாம். பேர் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

சொன்னேன். கணினியில் என் பெயரைத் தட்டியவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான். பிறகு இருமினான். இயக்குநர் என்று தெரிந்துகொண்ட மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஷம்மாவைக் கூட்டிப் போனேன். முதலில் சாதாரண வண்டி. அவளே ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து, "என்ன அமைதி, என்ன பணிவு" என்று பாராட்டிக்கொண்டே வந்தேன். கசான் பல் வலிக்காரனைப் போல முகத்தை வைத்துக்கொண்டான். நன்றாகவே செய்தான்.

அடுத்து அறுநூறு. ஊருக்கு வெளியே நேர்சாலை. ஷம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், அபாயா அங்கியின் கையை மடித்துவிட்டாள், மிதித்தாள். என் தலைத்துணி பின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. தலை அதிலேயே இருந்ததா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒட்டகப் பண்ணை ஒன்று வந்த வேகத்தில் போய்விட்டது. வண்டி நின்றபோது எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அவ்வளவு ஆசை.

"எப்படி இருக்கு?" என்றேன், குரலைச் சரி செய்துகொண்டு.

"நல்லா ஓடுது."

"ரொம்ப வேகம், இல்ல?"

"ஆமா."

"சத்தம் வேற."

"ஆமா."

"அப்போ..."

இதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கசான் பக்கம் திரும்பினாள்.

"இவருக்குச் சாதாரண வண்டியையே போடுங்க. இவர் சொன்னதுதான் சரி."

கசான் முகம் சுளிக்க மறந்துபோனான். நான் கையெழுத்துப் போட்டேன். 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் இரண்டு வாரமாகப் பேசிய பணிவெல்லாம் பொய் என்று ஆகும்.

பத்து நாள் கழித்து வண்டி வந்தது. வாசலுக்கு ஓடினேன். இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வெள்ளை. இன்னொன்று கறுப்பு. கறுப்பின் முதுகில் சிவப்புக் கோடு. கசான் வெள்ளை வண்டியின் சாவியை என்னிடம் கொடுத்தான், கறுப்பின் சாவியை ஷம்மாவிடம் கொடுத்தான், யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டான்.

"இது யாருக்கு?"

"எனக்கு."

"எப்போ வாங்கினே?"

"உங்களுக்குப் பதவி உயர்வு வந்த மறுநாள். உங்க பேர்லதான் பதிவு பண்ணினேன். அந்தச் சிவப்புக் கோட்டை நீங்க போன்ல பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்கறதை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன். சொல்லாம கொண்டுவந்து நிறுத்தணும்னு இருந்தேன்."

வெள்ளை வண்டியின் மேல் சாய்ந்துகொண்டேன்.

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க அடக்கத்தைப் பத்திப் பேசினீங்க. நிஜம்னே நம்பிட்டேன். பாவம், மனுஷன் மாறிட்டார், நாமதான் கவனிக்கலன்னு நினைச்சேன். நாலஞ்சு நாள் கழிச்சுப் பதிவை மாத்தச் சொல்லலாம்னு கசானுக்குப் போன் பண்ணினா, அவன் சிரிக்கிறான். 'டீச்சர், உங்க வீட்டுக்காரர் என்னைப் புளிச்ச மோர் குடிச்ச மாதிரி முகத்தை வச்சுக்கச் சொல்லியிருக்கார்'ங்கறான். அப்பவே கறுப்பு வண்டியை என் பேருக்கு மாத்திட்டேன்."

நான் டயரைப் பார்த்தேன். நல்ல டயர்.

"இருபத்தோரு வருஷத்துல, உங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசறதுதான் என் வேலைன்னு முடிவே கட்டிட்டீங்க, இல்ல?" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் சுட்டது. "ஒரு தடவை நேரா என்கிட்ட, 'எனக்கு இந்த வண்டி மேல ஆசை, ஷம்மா'ன்னு சொல்லியிருக்கலாமே."

"நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் வாங்கித் தந்திருப்பேன்."

"வேணும்னா மாத்திக்கலாமே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு? உங்க கையெழுத்து அழகா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாலைவனத்துக்கு இரண்டு வண்டிகளும் போயின. ஷம்மா மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டாள், கறுப்பு வண்டியைப் பெரிய மேட்டின் எதிரே நிறுத்தினாள், ஒரு உறுமல், உச்சியில் இருந்தாள். சுஹைல் கையில் லுகைமாத் இனிப்பு உருண்டையோடு வாயைத் திறந்தபடி நின்றான். பிள்ளைகள் அம்மாவுக்குக் கை தட்டினார்கள்.

எனக்கும் ரோஷம் இருக்கிறது. முந்நூற்றைம்பதும் குதிரைதானே, கழுதை இல்லையே. நானும் காற்றைக் குறைத்தேன், மிதித்தேன். வண்டி ஏறியது. உண்மையாகவே ஏறியது. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது. உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது சக்கரங்கள் நான்கும் மணலுக்குள் உட்கார்ந்துகொண்டன.

மேலிருந்து கயிறு வந்து விழுந்தது.

"கட்டுங்க" என்றாள் ஷம்மா.

"வேணாம். கொஞ்சம் ஆற விட்டா அதுவே வந்துடும்."

"எப்போ, அடுத்த குளிர்காலத்துலயா?"

கட்டினேன். சுஹைல் மூச்சிரைக்க மேடேறி வந்து, கண்ணாடி வழியாகக் குனிந்தான்.

"மச்சான், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ஸ்டியரிங்கை மட்டும் பிடிச்சுக்கங்க. கையில ஏதாவது இருந்தா பாக்க நல்லா இருக்கும்."

கறுப்பு வண்டி மறுபக்கச் சரிவில் இறங்கி இழுத்தது. கீழே ஹமத் போனில் வீடியோ எடுத்தான். என் வண்டி ஒரு குலுக்கலோடு உச்சியில் வந்து நின்றது. இறங்கி, இடுப்பில் கை வைத்து, கீழே விரிந்த பாலைவனத்தை ஒரு பார்வை பார்த்தேன்.

அந்த மேட்டின் உச்சியைத் தொட்ட ஒரே சாதாரண வண்டி என்னுடையதுதான். அலுவலகத்தில் சொன்னேன், ஆண்கள் கூடிப் பேசும் மஜ்லிஸில் சொன்னேன், போன வாரம் ஒரு கல்யாண வீட்டில்கூடச் சொன்னேன். கயிற்றைப் பற்றி மட்டும் நான் சொல்வதில்லை.

அந்த வீடியோவை எல்லாருக்கும் ஷம்மாவே அனுப்பிவிடுகிறாள்.