முட்டை டாக்டருக்கு வேண்டிய ஒரு வரி

"ஒரே ஒரு வரிம்மா. என்னைத் திட்டியாவது எழுது!"

மனைவி மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களைத் திட்டறதுக்கு வீடு போதும். மருத்துவ இதழ் எதுக்கு?"

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தொழில்: வயதானவர்கள் என்ன சாப்பிட்டால் உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய்வது. கணவரை மருத்துவக் கல்லூரி முழுக்க 'முட்டை டாக்டர்' என்றுதான் கூப்பிடும். தினம் காலையில் ஒரு வேகவைத்த முட்டை கொடுத்தால் எழுபது தாண்டியவர்களுக்கும் கால் பலப்படும் என்று ஏழு வருஷத்துக்கு முன் கட்டுரை எழுதியவர்.

இப்போது துறைத்தலைவர் நாற்காலி காலி. அதில் உட்கார ஒரு விதி உண்டு. இருபது கட்டுரைகளாவது எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இருபது பேராவது தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். பத்தொன்பது கட்டுரைகள் தேறிவிட்டன. முட்டைக் கட்டுரை மட்டும் பத்தொன்பது பேரோடு படுத்துவிட்டது. திங்கட்கிழமை கடைசி நாள்.

முதலில் பழைய சிநேகிதர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தார். கேட்டதே தப்பு. அந்த மனிதர் கட்டுரையை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தாராம். மேற்கோளுக்குப் பதிலாக நாலு சந்தேகங்களை அனுப்பிவைத்தார்.

மிச்சமிருந்தது மனைவிதான். அவருடைய கட்டுரை இன்று நாலு மணிக்கு இதழுக்குப் போகிறது, வெள்ளிக்கிழமை வெளியாகிறது. அதுவும் முட்டையைப் பற்றித்தான். முட்டை டாக்டர் பெயர்தான் அதில் இல்லை.

"நான் தினம் ரெண்டு முட்டை கொடுத்தேன். பக்கத்துலயே நின்னு சாப்பிட வச்சேன். எல்லாருக்கும் தொப்பைதான் வந்துச்சு. உங்க முடிவை நான் எப்படி மேற்கோள் காட்டறது?"

"தப்புன்னே எழுது! திட்டினாலும் கணக்குல ஒண்ணுதானே?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவமாகவும் இருந்தது. மனுஷன் பத்து வருஷமாக அந்த நாற்காலிக்குத் தவம் கிடக்கிறார். ஒரு வரியைத் தட்டி, உரக்கப் படித்தார்.

"'முட்டையால் கால் பலப்படும் என்ற கூற்று நம்பத்தக்கதாக இல்லை.' போதுமா?"

போதும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"நம்பத்தக்கதா இல்லையா? தினமும் தட்டு காலியான்னு பார்த்துப் பார்த்துக் குறிச்ச ஆய்வும்மா அது! கிளம்பு, முட்டை கொடுத்த அந்த முதியோர் இல்லத்துக்கே போவோம். ஆளுங்களை நேர்ல பாரு!"

"போகலாம். பார்த்து எனக்குத் திருப்தி இல்லைன்னா, இந்த வரியும் கிடையாது."

"கிடையாதுன்னா கிடையாது!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்றைக்கே எழுபது தாண்டியவர்கள். இன்றைக்கு யார் இருப்பார்களோ, எந்த நிலையில் இருப்பார்களோ! வெறுங்கையோடு போக மனசில்லாமல் வழியில் ஐந்து டஜன் முட்டை வாங்கினார்.

"சாட்சிக்கு லஞ்சமா?" என்றார் மனைவி.

இல்லத்தின் வாசலிலேயே மேலாளர் குண்டைத் தூக்கிப் போட்டார். "உங்க முட்டைக் கோஷ்டியா? அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் தினம் ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டுதான் இருக்கோம். ஒன்பது பேர்ல ஒருத்தர்கூடக் கட்டில்ல இல்லையே சார்."

முட்டை டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டார். "எப்போ... எப்படி...?"

"மாடியில பந்து விளையாடறாங்க. கூப்பிடட்டுமா?"

ஒன்பது பேரும் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்கள். கைப்பிடியை ஒருத்தர்கூடத் தொடவில்லை. மூத்தவர் ஒரு முன்னாள் பஸ் டிரைவர், எண்பத்து நாலு வயது. டாக்டரின் மனைவி விடுவாரா? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொல்லி, கடிகாரத்தைப் பிடித்தார். அரை நிமிஷத்தில் இருபத்திரண்டு தடவை!

"எனக்கே பதினெட்டுதான் வரும்!" என்றார் மனைவி, வாய் பிளந்து.

மற்ற எட்டுப் பேரையும் சோதித்தார். யாரும் பதினைந்துக்குக் கீழே இறங்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் அந்த நாளில் முட்டைக்குப் பதில் பிஸ்கட் சாப்பிட்டவர்களையும் விடவில்லை. அவர்கள் ஏழெட்டிலேயே மூச்சு வாங்கினார்கள்.

மணி மூன்று ஐம்பது. மனைவி அங்கிருந்த பெஞ்சிலேயே மடிக்கணினியைத் திறந்தார். பழைய வரியை அழித்தார்.

"'ஒன்பது பேரையும் நேரில் சோதித்தோம். இந்தப் பலத்துக்கு முட்டையே காரணம் என்பதில் ஐயமில்லை.' அனுப்பிட்டேன். மன்னிச்சுக்குங்க, நான்தான் தப்பு."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் காதில் விழுந்த வார்த்தை! துறைத்தலைவர் பதவிகூட அப்புறம்தான் என்று தோன்றியது அவருக்கு. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. முட்டைகளைத் தூக்கி டிரைவர் கையில் கொடுத்தார்.

"ஐயா, நீங்க நூறு வயசு இருக்கணும். எல்லாரும் நல்லா சாப்பிடுங்க!"

டிரைவர் முட்டையையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முட்டையை யாரு தம்பி தின்னா? நர்ஸம்மா அந்தாண்ட போனதும் மடியில கட்டிக்கிட்டு, ரெண்டு மைல் நடந்துபோய், பாலத்தடியில இருக்கற நாய்ங்களுக்குல்ல இத்தனை வருஷமாப் போட்டுட்டு வர்றோம்!"