நூறு கிலோவுக்கு அபிஷேகம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றால் முன்பெல்லாம் பஸ் வரும். இப்போது பக்தர்கள்தாம் வருகிறார்கள். கண்டியிலிருந்து, கலஹாவிலிருந்து, பெயர் தெரியாத தோட்டங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். எதற்கு? உடற்பயிற்சி செய்யாமலே பலம் பெறுவதற்கு. பலம் கிடைக்கும் இடம் ஒரு கடையின் மேல்மாடி. படியேறி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கிவிடும்.

அங்கே எழுந்தருளியிருந்தவர் பயில்வான் சாமி. சொந்தப் பெயர் அழகர். போன வருடம் வரை அதே மாடியில் மலிவு ஜிம் நடத்தியவர். இழுத்துப் பழகச் சைக்கிள் ட்யூப், படுத்துத் தூக்கச் சோடாப் பெட்டிகள் மேல் ஒரு பலகை, தண்ணீர்க் குழாயின் இரு பக்கமும் பெயின்ட் வாளிகள் மாட்டிய பாரம். நல்ல ஜிம்தான். ஒரே ஒரு குறை, அங்கே வியர்க்க வேண்டியிருந்தது. நம் ஜனங்களுக்கு அது ஒத்துவருமா? ஈ கூட வரவில்லை. அழகர் யோசித்தார். குழாய்க்குப் பட்டு சுற்றினார், வாளிகளுக்குக் குங்குமம் வைத்தார், பாரத்துக்குப் 'பீமதண்டம்' என்று பெயர் சூட்டினார். மாடி நிறைந்துவிட்டது.

முதலில் பக்தர் பீமதண்டத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அசையாது. நூறு கிலோ அல்லவா? பிறகு சாமி ஒரு செம்புப் பாலும் ஒரு செம்பு மஞ்சள் நீரும் ஊற்றி, தண்டத்தைக் கட்டிப்பிடித்தபடி மந்திரம் சொல்வார். மந்திரம் நீளமோ நீளம். தரையெல்லாம் வெள்ளம். கடைசியில் பக்தரின் கையில் சிவப்புக் கயிறு. "இப்பத் தூக்குங்க." தூக்கிவிடுவார். ஊதினால் விழுந்துவிடும் ஒரு தபால்காரர் தலைக்கு மேலேயே தூக்கினார். தூக்கிய கையோடு அழுதும்விட்டார்.

இந்தக் கூட்டத்தில்தான் திலீபனும் போய் விழுந்தான். அவன் உண்மையாகவே பாரம் தூக்குகிறவன். அக்குறணையில் நஸீமின் ஹார்ட்வெயார் கடையில் வேலை. கடையில் கழித்துப்போட்ட வாளிகளில் சீமெந்து ஊற்றி, கலஹாவில் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ஜிம் அமைத்து, கஷ்டப்பட்டு எண்பது கிலோ வரை வந்திருந்தான். சாமி கயிறு கட்டியதும் நூறைத் தூக்கினான். அன்றோடு பயிற்சிக்கு முழுக்கு. வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த மாகாணப் போட்டிக்கு நூற்றிப்பத்து கிலோ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கடையில் மூட்டையைத் தொடவும் மறுத்தான்.

"மூட்டை தூக்கினா சக்தி வீணாயிருமாம் மொதலாளி. சாமி சொல்லிட்டாரு."

"அப்ப சம்பளத்தையும் அவருக்கிட்டயே வாங்கிக்கோ" என்றார் நஸீம்.

திலீபனின் தங்கை சிந்துஜா அவனை வழிமறித்தாள். "அண்ணே, நூத்திப்பத்து கிலோ கழுத்து மேல விழுந்தா கயிறா வந்து புடிக்கும்?"

"நம்பிக்கை இல்லாதவங்ககிட்ட பேசக்கூடாதுன்னு சாமி சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, அவன் சாமியின் மாடிக்குக் கிளம்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை அண்ணனை இழுத்துவர அவளே மாடிக்குப் போனாள். சாமி ஊற்றிய இரண்டு செம்பையும் கண்ணால் பார்த்தாள். அண்ணன் வர மறுத்துவிட்டான். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினால், மாடியிலிருந்து வரும் குழாய் வழியே தீர்த்தம் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கப் போத்தலோடு நின்ற அங்கம்மா என்ற பக்தையிடம் கேட்டாள்.

"அக்கா, ரெண்டு செம்பு ஊத்தினதுக்கு இவ்வளவு தண்ணியா?"

"அதுதாம்மா அற்புதம்" என்றாள் அங்கம்மா, அடுத்த போத்தலைத் திறந்தபடி.

சிந்துஜா நேராக நஸீமின் கடைக்குப் போனாள்.

சனிக்கிழமை சாமியின் மாடிக்குக் கீழே நஸீமின் லொறி வந்து நின்றது. நஸீமும் கூடவே வந்திருந்தார். திலீபன் வீட்டில் வைத்துப் பழகிய அதே சீமெந்துப் பாரம், இன்னும் இரண்டு வாளி கூட்டி மாட்டப்பட்டு வந்தது. நாலு பேர் நாக்குத் தள்ள மாடியேற்றினார்கள்.

"சாமி, இது எங்க வீட்டுப் பாரம். இதுவும் நூறு கிலோதான், தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசுல நிறுத்தது. இதுக்கும் அபிஷேகம் பண்ணுங்க" என்றாள் சிந்துஜா.

"இதுல தீட்டு இருக்கும்மா."

"அதைப் போக்கத்தானே சாமி நீங்க இருக்கீங்க."

கூட்டம் ஆமாம் போட்டது. வேறு வழியில்லை. சாமி ஊற்றினார், கட்டிப்பிடித்தார், மந்திரம் சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். சீமெந்து எந்த மந்திரத்துக்கும் கரையவில்லை. திலீபன் கயிற்றுக் கையோடு குனிந்து முக்கினான். பாரம் முழங்காலைக்கூடத் தாண்டவில்லை.

"நேத்து மீன் சாப்பிட்டிருப்ப" என்றார் சாமி.

"சரி, மீன் சாப்பிடாத நீங்க தூக்குங்க" என்றாள் சிந்துஜா.

சாமியின் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கயிறுதான். குனிந்தார். இழுத்தார். 'கடக்' என்று ஒரு சத்தம். சீமெந்தில் விரிசல் எதுவும் இல்லை. சாமிதான் மல்லாந்து கிடந்தார்.

இதற்குள் நஸீம் பீமதண்டத்தின் பட்டுத் துணியை உருவிவிட்டார். ஒவ்வொரு வாளியின் அடியிலும் ஒரு றப்பர் மூடி, மூடியில் ஒரு நூல். நூலை இழுத்தார். தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. கொட்டி முடிந்ததும் பாரத்தை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

"உள்ளுக்கு ஒண்டுமே இல்லயே."

மந்திரம் ஏன் அவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. வாளி காலியாக நேரம் வேண்டாமா?

"யாராச்சும் தைலம் கொண்டாங்க, இடுப்பு போச்சு" என்று சாமி முனகினார்.

திலீபன் தன் கயிற்றை அவிழ்த்து அவர் வயிற்றின் மேல் வைத்தான். "தைலம் எதுக்கு சாமி? இதக் கட்டிக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை அவன் நூற்றிப்பத்தை அழித்து எழுபத்தைந்து என்று மாற்றிக் கொடுத்தான். ஐந்தாவதாக வந்தான். பழகாமல் விட்டவனுக்கு அதுவே அதிகம். கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் சிந்துஜா அழுதாள்.

பஸ் நிற்கும் இடத்தில் அங்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, சாமியாலயே தூக்க முடியலயே. அந்தப் பாரத்துக்கு நீ என்ன மந்திரம் போட்ட?"

"மணல் மூணு, சீமெந்து ஒண்ணு."

அங்கம்மா கண்ணை மூடி அதை உருப்போடத் தொடங்கினாள்.

ஜனங்களே, இனி யாராவது வாளிக்குக் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தால் முதலில் அதைத் தட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் தலையையும் ஒரு தரம் தட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே சத்தம் கேட்டால், குற்றம் வாளியின் மேல் இல்லை.