பெரியண்ணன் பி.ஏ. காலேஜ் பார்க்கிறார்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே நம் ஊர்களில் ஓர் இனம் தலையெடுக்கும். 'காலேஜ் சொல்கிறவர்' என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். வருஷத்தில் பத்து மாதம் சாதாரண மனிதராகத்தான் நடமாடுவார். மாம்பழ சீசன் வந்துவிட்டால் போதும், யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்பது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

மாதிரிக்கு ஒருவரைப் பாருங்கள். லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் பெரியண்ணன். வீட்டு வாசலில் 'பெரியண்ணன், பி.ஏ.' என்று பலகை தொங்குகிறது. தபால்காரருக்கு அது தேவையில்லை, அவருக்குத் தேவை. நேற்றுவரை 'வாடா' என்று கூப்பிட்ட சித்தப்பன்மார் எல்லாம் பட்டம் வந்த பிறகு 'வாங்க தம்பி' என்கிறார்கள். இது லேசுப்பட்ட போதையா?

அவருக்கு எல்லா ஊரும் தெரியும். மதுரையா, வெயில் மண்டையைப் பிளக்கும், படிச்சது ஆவியாப் போயிடும். மெட்ராஸா, குடிக்கத் தண்ணி கிடையாது. கோயமுத்தூரா, அந்தக் குளிருக்குப் பிள்ளை போர்வையை விட்டு எழுந்திருக்கவே மாட்டான். இத்தனைக்கும் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனதோடு சரி, மற்ற இரண்டு ஊரையும் மேப்பில் பார்த்தவர். படிப்புகளும் அப்படியே: பி.காம். என்றால் பேங்க், பிசிக்ஸ் என்றால் மூளை, ஹிஸ்டரி என்றால் கலெக்டர் ஆபீசுக்கு ராஜபாட்டை. அவர் படித்தது ஹிஸ்டரி. அந்தப் பாட்டையில் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்து உரமூட்டை வரைக்கும் வந்திருக்கிறார்.

இவரிடம்தான் அழகிரி தன் மகள் பொன்னுத்தாயைக் கூட்டிக்கொண்டு போனார். பொன்னுத்தாய்க்குக் கெமிஸ்ட்ரி வேண்டும். அவள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கே ஒரே ஒரு பியூரெட் கண்ணாடிக் குழாய். அவள் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். ஒரு தடவையாவது தானே பிடித்து, சொட்டுச் சொட்டாய் விட்டு, தண்ணீர் ரோஸ் நிறமாய் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது. அழகிரி கறாராகச் சொல்லியிருந்தார்: சீட் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம்.

"பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க தம்பி."

"பதினொண்ணுன்னா ஒரு மணின்னு அர்த்தம் சித்தப்பா. நான் மூணு வருஷம் திருச்சியில குப்பை கொட்டினவன். முதல்ல ஊரைப் பாக்கணும். ஊர் ஒத்துக்கிட்டாத்தான் படிப்பு ஒட்டும்."

நேர்முகத்தன்று காலை மூவரும் திருச்சியில் போய் இறங்க, ஊர் பார்க்கும் படலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காபியோடு தொடங்கியது. காபியில் சிக்கரி எவ்வளவு என்பதை வைத்து அந்த ஊர்ப் பிள்ளைகளின் ஞாபகசக்தியைக் கணக்கிட அவருக்கு ஒரு முறை இருந்தது. பிறகு மலைக்கோட்டைக் கடைத்தெரு: துணி மலிவு, ஆகவே ஹாஸ்டல் பெண்களுக்கு நல்ல ஊர். பிறகு பாலக்கரை: நெரிசல் ஜாஸ்தி, ஆகவே பிள்ளைக்குத் தைரியம் வரும். அதோடு நிற்பார் என்று நினைத்தால், ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம்.

அங்கே ராஜகோபுரம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தை அண்ணாந்து பார்த்தபடி பெரியண்ணன் சொன்னார்: "இதை முடிக்கிறதுக்குள்ள நம்ம பொண்ணு எம்.எஸ்ஸி. முடிச்சிரும் சித்தப்பா."

"பி.எஸ்ஸி.ல சேந்தாத்தானே அண்ணே," என்றாள் பொன்னுத்தாய். கடைக் கடிகாரத்தில் முள் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"அவசரப்படாதே. காவிரிக்காத்து எப்படி வருதுன்னு பாரு. இந்தக் காத்துக்குப் படிச்சது மறக்காது."

"அந்தக் காலேஜு லேப் எப்படிண்ணே இருக்கும்?"

"கடல் மாதிரி இருக்கும்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஆம்பளைங்களை உள்ள விட மாட்டாங்களே. விட்டிருந்தா இன்னும் விவரமாச் சொல்லியிருப்பேன்."

பொன்னுத்தாய் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "அப்பா, அண்ணன் காத்து வாங்கட்டும். நாம போவோம்." அழகிரி மகளைப் பார்த்தார், பி.ஏ.வைப் பார்த்தார், வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தார். ஏறிவிட்டார். கூடவே பெரியண்ணனும் ஓடி வந்து ஏறினார், கண்டக்டரிடம் கல்லூரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே.

கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் அரை டஜன் பெரியண்ணன்கள் நின்றிருந்தார்கள். ஊருக்கு ஒருவர். ஆளுக்கு ஆள் காலேஜ் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. நம்மவரும் போய்க் கலந்துகொண்டார்.

உள்ளே நேர்முகம் நடத்திக்கொண்டிருந்த சிஸ்டர் ரோசரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பதினோரு மணிக்கு வரச் சொன்னா இப்பத்தான் வர்றதா? எங்க போயிருந்தீங்க?"

"ஊர் பாத்துட்டு வந்தோம் சிஸ்டர்," என்றார் அழகிரி. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ஊர் நல்லா இருந்துச்சா?"

"ஊர் பூராவும் பாத்தாச்சு சிஸ்டர். லேப் ஒண்ணுதான் பாக்கலை," என்றாள் பொன்னுத்தாய். குரல் உடைந்துவிட்டது.

சிஸ்டர் பட்டியலில் விரலை ஓட்டினார். "கெமிஸ்ட்ரி சீட் முடிஞ்சு போச்சும்மா. துறையூர்ப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு மட்டும் இன்னும் வரலை. உக்காரு. ஒரு மணி வரைக்கும் பாப்போம். வந்துட்டா அவளுக்கு, வரலைன்னா உனக்கு."

அந்தக் கொஞ்ச நேரம் பொன்னுத்தாய் வாசலைப் பார்க்கவே இல்லை. காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். துறையூர்ப் பெண் வரவில்லை.

வெளியே வந்ததும் அழகிரி நடந்ததைச் சொன்னார். பெரியண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"கெமிஸ்ட்ரிதான்னு நான் அப்பவே சொன்னேன்ல சித்தப்பா?" என்றவர், துறையூர்ப் பெண்ணை நினைத்து உச்சுக்கொட்டினார். "பாவம். விவரம் தெரியாத எவனோ அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தியிருக்கான்."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். பொன்னுத்தாயும் சிரிக்கவில்லை. எந்தக் கோபுரத்தின் கீழே, யார் சொன்ன காற்றை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாளோ என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

அவளோடு வந்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன ஜூனில் பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளையோடு வந்து, "எந்தக் காலேஜுங்க நல்ல காலேஜு?" என்று கேட்டாரே, அப்போது 'எனக்குத் தெரியாதுங்க' என்றா சொன்னீர்கள்? அல்லது நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டீர்களா?