பதினொரு கல்லும் ஒரு மூட்டை இலவம்பஞ்சும்

மனிதனுக்கு வரும் சுகக்கேடெல்லாம் அவன் உடுத்தும் நூலிலிருந்தும் படுக்கும் நாரிலிருந்தும்தான் வருகின்றன என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஆரம்பப் பள்ளியில் எனக்கு வாத்தியார் வேலை. (விஷயம் தெரிந்தவன் என்று ஊர் நம்பியது, நானும் நம்பினேன்.) கம்பளி கோபத்தை வளர்க்கும், கயிற்றுக் கட்டில் கெட்ட கனவு கொடுக்கும், பட்டு கர்வத்தை உண்டாக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன். என் மனைவி முத்தம்மாவின் கூறைச் சேலையைக்கூடக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

எங்கள் மகள் அலமேலுவுக்கு அப்போது மூன்று வயது. தூக்கமே பிடிக்காமல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தாள். நான் பழியை அவளுடைய கம்பளியின் மேல் போட்டேன். வத்தல்மலையிலிருந்து சாமை கொண்டுவரும் சின்னப்பன் வழி சொன்னார்.

"இலவம்பஞ்சுல படுக்க வெச்சுப் பாருங்க வாத்தியாரய்யா. குளுமைங்க அது. அதுல படுத்தா சொப்பனம்கூட செருப்பக் கழட்டிட்டுத்தானுங்க உள்ள வரும்."

அடுத்த நடையில் ஒரு மூட்டை கொண்டுவந்தார். கொட்டையை நீக்கி, பஞ்சு விரிவதற்காக வீட்டுக்குப் பின்னால் பாயில் கொட்டி வெயில் காட்டினோம். பிற்பகலில் புளியமரத்து நிழல் அதன்மேல் மெல்ல வந்து படுத்தது. வானத்திலிருந்து ஒரு மேகம் களைப்பாற இறங்கியதுபோல இருந்தது அந்தக் குவியல். பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு நான் யார், என்ன சம்பளம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

அப்போது காற்று கிளம்பியது. "பஞ்சு பறக்குதுங்க" என்று முத்தம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். என்னுடைய இரண்டு மெல்லிய பழைய மல் வேட்டிகளைக் குவியலின்மேல் போர்த்தினேன். சுற்றிலும் சரியான இடைவெளியில் பதினொரு கல் வைத்தேன். (கணக்கு வாத்தியார் அல்லவா.)

கால் மணி நேரம் கழித்து முத்தம்மா கேட்டாள்: "பாப்பா எங்கீங்க?"

வீட்டில் இல்லை. தெருவில் இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லை. கிணற்றடியில் அவளுடைய மரப்பாச்சி மட்டும் கிடந்தது. அதைப் பார்த்ததும் கிணற்றுக்குள் குனிந்து அவள் பெயரைக் கத்தினேன். பக்கத்து வீட்டு முனுசாமி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினார். நாலு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். நெடுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒரு சொம்பு கெடக்குதுங்க. உங்க வூட்டுதா?"

எங்கள் வீட்டுச் சொம்புதான். அதைத் தேடி ஒரு வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். அன்று யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

திரும்பினேன். முத்தம்மா பஞ்சுக் குவியலின் எதிரே அசையாமல் நின்றிருந்தாள். காற்று நின்று போயிருந்தது. ஆனாலும் என் வேட்டியின் ஓரத்தில் ஓரிடம் மட்டும் மெல்ல எழும்பி, மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து ஒரு கல்லை நகர்த்தி வேட்டியை விலக்கினாள்.

அலமேலு ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இமையெல்லாம் பஞ்சு. வாழ்நாளில் அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை. ஊரே கத்தியும் விழிக்காதவள், என் கண்ணீர் கன்னத்தில் விழுந்ததும் எரிச்சலோடு விழித்தாள்.

"போப்பா, ஈரம்."

ஈரத்தோடு ஓடிவந்த முனுசாமி குவியலில் தடுக்கி விழுந்து எழுந்தபோது வெள்ளாடுபோல இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். முத்தம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டாள்:

"கல்லு வெச்சது ஆருங்க?"

வேட்டி இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தால், இன்றைக்கும் எழுதுகிற கை நின்றுவிடுகிறது. அன்றைக்குப் பிறகு நூலும் நாரும் எனக்கு வெறும் நூலும் நாரும்தான். எங்கள் வீட்டில் சாவி தொலைந்தாலும் குடை தொலைந்தாலும் "அப்பா எங்க கல்லு வெச்சாருன்னு பாரு" என்பார்கள்.

போன மாதம் அலமேலு சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கக் கிளம்பினாள். பெட்டியை மூன்று சுற்றுக் கயிறு போட்டுக் கட்டினேன். போதாமல் நாலாவது சுற்றுக்குக் கயிறு எடுத்தேன். பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லு வெச்சது போதுங்கப்பா. வுடுங்க."

கயிற்றை விட்டேன்.